கழிவுக்கு விலை வந்த கதை: வட சிலாங்கூர்த் தோட்டங்களும் ஆலைக் கழிவுநீரும்

வட சிலாங்கூரின் தோட்டங்களில் கழிவு நெடுங்காலம் இரண்டு வகையாக இருந்தது: காசு தருவது, காசு தராதது. முதல் வகையைத் தோட்ட நிர்வாகம் வேரடியிலிருந்துகூடப் பொறுக்கி எடுக்க வைத்தது. இரண்டாம் வகையைக் கால்வாயில் விட்டது. கால்வாய் ஓடைக்கும், ஓடை ஆற்றுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆற்றில் விடும் அழுக்குக்கும் ஒரு விலை உண்டு என்று மலேசிய அரசு 1977இல் விதி எழுதிய பிறகுதான் இந்தக் கணக்கு மாறத் தொடங்கியது. தொழிற்சாலை மாசுக்குக் கட்டணம் விதித்த வளரும் நாடுகளின் வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் முயற்சி அது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவானதும் வட சிலாங்கூரில்தான் என்பதால் அந்த விதியின் வரலாற்றை இங்கிருந்தே தொடங்குவது பொருத்தம்.

கெர்லிங், கோலகுபு பாருவுக்கும் களும்பாங்குக்கும் நடுவே பழைய நெடுஞ்சாலையை ஒட்டிய சிற்றூர். அதைச் சுற்றியிருந்த மேட்டு நிலங்களில் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி முழுவதும் ரப்பர்தான். தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் வரிசைக் குடியிருப்புகளான லயங்களில் தங்கி, விடியுமுன் பால்மரம் வெட்டின. மதியத்துக்குள் பால் ஸ்டோருக்குப் போகும். அங்கே தண்ணீர் கலந்து, பார்மிக் அமிலம் ஊற்றி உறைய வைத்து, உருளைகளில் அழுத்தித் தகடாக்கிப் புகை போடுவார்கள். உறைந்த பாலிலிருந்து பிரியும் நீரும், தொட்டியும் தரையும் கழுவிய நீரும் கால்வாயில் ஓடும். அந்த நீரில் புரதமும் சர்க்கரையும் அமிலமும் இருந்ததால் தேங்கிய இடமெல்லாம் நாறியது.

அதே ஸ்டோரில் வேறொரு மிச்சத்துக்கு இருந்த மரியாதையைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். பால் வடியும் கிண்ணமான மங்கில் உறைந்து கிடக்கும் கட்டிப்பாலையும், பட்டையின் வெட்டுக்கோட்டில் ஒட்டிக் காய்ந்த கோட்டுப்பாலையும் உரித்துச் சேர்த்து எடைபோட்டால் தொழிலாளிக்குத் தனிக் கூலி கிடைத்தது. அதனால் அவை கீழே கிடந்ததில்லை. பின்னாளில் செம்பனைக் குலையிலிருந்து உதிரும் பழங்களும் இப்படித்தான் கணக்கிட்டுப் பொறுக்கப்பட்டன. தொழிலாளிக்குச் சுத்தத்தில் அக்கறை கூடவோ குறையவோ இல்லை. ஒன்றுக்கு எடைக்கூலி இருந்தது, மற்றதற்கு இல்லை, அவ்வளவுதான்.

கெர்லிங் ஆறு சிலாங்கூர் ஆற்றின் கிளைகளில் ஒன்று. மேற்குத் தாழ்நிலத்தில் இறங்கும் சிலாங்கூர் ஆறு, பத்தாங் பெர்ஜுந்தையைக் (இன்றைய பெஸ்தாரி ஜெயா) கடந்து கோல சிலாங்கூரில் கடலில் கலக்கிறது. தோட்டங்கள் வருமுன்பே இந்த ஆறு சுமை தாங்கியது. மேற்பகுதியில் ஈயம் எடுத்தவர்கள் கழுவிவிட்ட மணல் ஆற்றுப்படுகையை உயர்த்தியது. 1926 பெருவெள்ளத்துக்குப் பின் கோலகுபு ஊரையே இடம் மாற்றிப் புதிதாகக் கட்ட நேர்ந்ததற்கு அந்த மணலும் ஒரு காரணம். ஆற்றில் கழிவு கலக்கக் கூடாது என்ற சட்டம் அன்றும் இருந்தது. கூட்டு மலாய் மாநிலங்களுக்கு 1920இல் இயற்றப்பட்ட நீர்ச் சட்டம் அதைத் தடை செய்தது. ஆனால் எவ்வளவு கழிவு என்று அளக்கும் ஏற்பாடோ, அளவுக்கேற்ற தண்டனையோ அதில் இல்லை. தோட்டங்களின் நடைமுறையை அது பெரிதாக மாற்றவில்லை.

செம்பனை இந்த வட்டாரத்துக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் வழியாக வந்தது. ராந்தாவ் பஞ்சாங்கில் தோட்டம் வைத்திருந்த ஆன்றி போக்கோனியே, சுமத்ராவில் பயிரிட்டுவந்த பெல்ஜியரான அட்ரியான் ஆலேயிடமிருந்து விதை பெற்று முதலில் அழகு மரமாக நட்டார். பிறகு 1917இல் கோல சிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில் வணிக நோக்கோடு நடவு தொடங்கியது. மலாயாவைப் பின்னணியாக வைத்துப் போக்கோனியே எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. இலக்கிய உலகம் அவரை அதற்காக நினைக்கிறது. ஆனால் சிலாங்கூரின் நிலத்தை மாற்றியது நாவல் அல்ல, அந்த விதை.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செம்பனை ரப்பரின் நிழலிலேயே இருந்தது. செயற்கை ரப்பரின் போட்டியால் இயற்கை ரப்பரின் விலை சரிந்தபோது நிலை மாறியது. 1960இல் நாடு முழுவதும் சுமார் 55,000 ஹெக்டேரில் இருந்த செம்பனை, 1980இல் பத்து லட்சம் ஹெக்டேரைத் தொட்டது. கச்சா எண்ணெய் உற்பத்தி அதே காலத்தில் ஒரு லட்சம் டன்னுக்கும் குறைவிலிருந்து 25 லட்சம் டன்னைத் தாண்டியது. வட சிலாங்கூரிலும் ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டு அந்த இடங்களில் செம்பனை வரிசைகள் எழுந்தன.

ரப்பர் ஸ்டோரின் கழிவு செம்பனை ஆலைக் கழிவின் முன் சிறியது. வெட்டிய குலை ஆலைக்கு வந்ததும் நீராவியில் வேகவைக்கப்படுகிறது. பழங்களை உதிர்த்து, நசுக்கிப் பிழிந்து, எண்ணெயைத் தண்ணீரில் தெளியவைத்துப் பிரிக்கிறார்கள். கடைசியில் பருப்பும் ஓடும் தனித்தனியாகின்றன. ஒரு டன் குலையில் கிடைக்கும் எண்ணெய் ஐந்தில் ஒரு பங்குதான். வெற்றுக் குலை இருபத்திரண்டு சதவீதம் அளவுக்கு மிஞ்சும். நாரும் ஓடும் கொதிகலனுக்கு விறகாகிவிடும், அதனால் ஆலை வெளியிலிருந்து எரிபொருள் வாங்கத் தேவையில்லை. மிஞ்சும் கழிவுநீரோ டன் குலைக்கு அரை டன்னுக்கு மேல். ஒரு டன் எண்ணெய் எடுக்க இரண்டரை டன் முதல் மூன்றரை டன் வரை கழிவுநீர் வெளியேறும் என்பது ஆலைக்காரர்களின் பொதுக் கணக்கு.

அந்த நீரில் விஷம் எதுவும் சேர்க்கப்படுவதில்லை. அது நீரும் எண்ணெய்த் துளிகளும் பழச்சதைத் துகளும் கலந்த பழுப்புக் குழம்பு. கொதிக்கும் சூட்டில், புளிப்பாக வெளிவரும். சிக்கல் அதன் சத்தில்தான். ஆற்றில் கலந்ததும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகி, நீரில் கரைந்துள்ள உயிர்வளியைத் தீர்த்துவிடுகின்றன. மீன் மூச்சுமுட்டிச் சாகிறது. இந்தப் பசியை அளக்கும் அளவைக்கு உயிர்வளித் தேவை (பி.ஓ.டி.) என்று பெயர். வீட்டுச் சாக்கடையில் அது லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம். செம்பனை ஆலைக் கழிவுநீரில் சுமார் 25,000. நடுத்தர ஆலை ஒன்றே ஒரு சிறு நகரத்தின் சாக்கடைக்குச் சமமான சுமையை ஓடையில் இறக்கியது. 1970களின் நடுப்பகுதியில் நாட்டின் 42 ஆறுகள் நன்னீர் மீன் வாழ முடியாத அளவுக்குக் கெட்டுவிட்டதாகக் கணக்கிடப்பட்டது. பொதுக்குழாய் வராத லயங்களிலும் ஆற்றங்கரைக் கிராமங்களான கம்பங்களிலும் குளிக்கவும் துவைக்கவும் மீன் பிடிக்கவும் அந்த நீரே இருந்தது.

அரசின் நிலை இரண்டுங்கெட்டானாக இருந்தது. செம்பனை நாட்டின் ஏற்றுமதி நம்பிக்கை. நிலமற்றவர்களைக் குடியேற்றிய பெல்டா திட்டங்களும் அதையே நம்பின. ஆலைகளை மூடிவிடவும் முடியாது, ஆறுகளை அப்படியே விடவும் முடியாது. 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் நிறைவேறி அடுத்த ஆண்டு அதற்கெனத் துறை அமைந்தபோது, முதலில் கைவைக்கப்பட்ட தொழில் செம்பனை எண்ணெய் ஆலைதான். அரசுத் தரப்பும் ஆலைத் தரப்பும் சேர்ந்த நிபுணர் குழு, எந்தச் சுத்திகரிப்பு முறை சாத்தியம் என்று ஆராய்ந்தது. அதன் அடிப்படையில் 1977இல் கச்சா செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கான விதிகள் வந்தன. ஒவ்வோர் ஆலையும் ஆண்டுதோறும் உரிமம் எடுக்க வேண்டும். உரிமக் கட்டணத்தில் ஒரு பகுதி, ஆலை வெளியேற்றும் அழுக்கின் எடையைப் பொறுத்தது.

விதிகளின் நுட்பம் மூன்று இடங்களில் இருந்தது. முதலாவது, ஆற்றில் விடும் நீரின் பி.ஓ.டி. வரம்பைப் படிப்படியாக இறக்கியது. 1978 ஜூலையிலிருந்து லிட்டருக்கு 5,000 மில்லிகிராம், 1979இல் 2,000, பிறகு 1,000, 500, 250, கடைசியாக 1984இல் 100. படிக்கட்டு முழுவதும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதால், எந்த ஆண்டுக்குள் எவ்வளவு முதலீடு தேவை என்று ஆலை திட்டமிட முடிந்தது. இரண்டாவது, கட்டணத்தின் அமைப்பு. வரம்புக்குள் இருக்கும் அழுக்குக்கு ஒரு டன் பி.ஓ.டி.க்கு 10 ரிங்கிட், வரம்பை மீறியதற்கு டன்னுக்கு 100 ரிங்கிட். மூன்றாவது, சுத்திகரிப்பு ஆய்வில் பணம் போடும் ஆலைக்குக் கட்டணச் சலுகை தர அதிகாரிகளுக்கு இடம் விடப்பட்டது. சுத்திகரிக்கும் வழியே தெளிவாகாத தொழிலில் இந்த மூன்றாவது அம்சத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

பத்து மடங்கு வேறுபாடு ஏட்டில் எப்படித் தெரிந்திருக்கும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஓர் ஆலை நாளுக்கு 300 டன் கழிவுநீரை அப்படியே ஆற்றில் விடுகிறது என்று கொள்வோம். அதில் ஏழரை டன் பி.ஓ.டி. இருக்கும். முதல் ஆண்டின் 5,000 வரம்பின்படி ஒன்றரை டன்னுக்கு 15 ரிங்கிட்டும், மிகுதி ஆறு டன்னுக்கு 600 ரிங்கிட்டும் கட்ட வேண்டும். முந்நூறு நாள் ஓடினால் ஆண்டுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல். வரம்புக்குள் வந்துவிட்டாலோ 4,500 ரிங்கிட்டோடு முடிந்துவிடும். இடையிலுள்ள தொகை, குளம் வெட்டவும் பம்பு வாங்கவும் ஆலை மேலாளர் முதலாளியிடம் காட்டக்கூடிய நியாயம்.

எல்லா மேலாளரும் அந்த நியாயத்தை ஏற்கவில்லை. முதல் ஆண்டில் வரம்பு கட்டாயமாக்கப்படவில்லை. சுத்திகரிப்பதா, மிகைக் கட்டணம் கட்டுவதா என்று ஆலையே தேர்ந்தெடுக்கலாம். பல ஆலைகள் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பழையபடியே ஓடின. அவற்றுக்குச் சுத்திகரிப்பைவிட அதுவே மலிவாகத் தெரிந்தது. அப்படியிருந்தும் நாடு முழுவதும் ஆலைகள் இறக்கிய பி.ஓ.டி. நாளுக்கு ஏறத்தாழ 220 டன்னிலிருந்து 125 டன்னாகக் குறைந்தது. இது பெரிய வீழ்ச்சிதான், ஆனால் துறை எதிர்பார்த்தது இதைவிடப் பெரியது. இரண்டாம் ஆண்டிலிருந்து வரம்பு கட்டாயமாயிற்று. மீறிய ஆலைகள் மேல் நடவடிக்கை பாய்ந்தது, உரிமம் நிறுத்திவைக்கப்பட்டவையும் உண்டு. அதன் பின் சரிவு வேகமெடுத்தது. எண்ணெய் உற்பத்தி கூடிக்கொண்டே போன அதே ஆண்டுகளில் ஆற்றில் இறங்கிய சுமை குறைந்துகொண்டே வந்தது.

இந்த வெற்றியைக் கட்டணத்தின் வெற்றி என்று பொருளியல் பாடநூல்கள் எழுதுவது பாதி உண்மை. டன்னுக்கு 100 ரிங்கிட் என்பது ஆலைகளைத் தயார்ப்படுத்தியது, கணக்கெடுக்கப் பழக்கியது, கழிவுநீரை அளக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. சோம்பேறிகளை அசைத்தது உரிமம் போகும் என்ற அச்சம். இரண்டும் சேர்ந்திராவிட்டால் முதலாண்டின் அரைகுறை முன்னேற்றத்தோடு கதை நின்றிருக்கும்.

ஆலைகள் கண்டுகொண்ட வழி பெரும்பாலும் குளங்கள். கழிவுநீர் முதலில் ஆறவிடப்பட்டு, எண்ணெய் வடிக்கப்பட்டு, காற்றுப் புகாத ஆழக் குளங்களில் வாரக்கணக்கில் புளிக்கும். அங்கே நுண்ணுயிர்கள் பெரும்பகுதி அழுக்கைத் தின்றுவிடும். பிறகு ஆழம் குறைந்த குளங்களில் காற்றும் வெயிலும் பட்டு மிச்சம் தெளியும். தோட்டத்தில் நிலத்துக்குப் பஞ்சமில்லை, மண்வேலைக்கு ஆளும் இருந்தது. இயந்திரம் குறைந்த இந்த முறையே நாட்டின் பெரும்பாலான ஆலைகளில் நிலைத்தது. குறை ஒன்றுதான்: அடியில் சேறு தங்கிக்கொண்டே போகும். தூர்வாரத் தவறினால் குளம் சுருங்கி, பாதி தெளிந்த நீரே வெளியேறும்.

கழிவுநீரை ஆற்றுக்கு அனுப்பாமல் தோட்டத்து மண்ணுக்கே பாய்ச்சுவது இன்னொரு வழி. நிலத்தில் விடும் நீருக்கு விதி தளர்வாக இருந்தது, 5,000 மில்லிகிராம் வரை ஏற்றது. இதற்கு ஊக்கம் சட்டத்திலிருந்து மட்டும் வரவில்லை. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் ரசாயன உரத்தின் விலை ஏறியிருந்தது. புளித்த கழிவுநீரில் தழைச்சத்தும் சாம்பல் சத்தும் மக்னீசியமும் நிறைந்திருப்பதை ஆய்வாளர்கள் காட்டியதும், மர வரிசைகளுக்கிடையே வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சும் முறை பரவியது. அதுவரை தலைவலியாக இருந்த குழம்பு உரக்கணக்கின் வரவுப் பக்கத்தில் ஏறியது. வெற்றுக் குலைக்கும் இதே கதிதான். முன்பு அதை எரித்துச் சாம்பலைப் பொட்டாசுக்காகத் தூவினார்கள், புகை ஊரைச் சூழ்ந்தது. எரிப்புக்குக் காற்றுச் சட்டம் தடை போட்ட பிறகு குலையை அப்படியே மரத்தடியில் பரப்பினார்கள். ஒரு டன் வெற்றுக் குலை சுமார் 7 கிலோ யூரியாவுக்கும் 19 கிலோ பொட்டாசு உரத்துக்கும் ஈடு என்பது செம்பனைத் தோட்டங்களில் புழங்கும் கணக்கு.

மூன்றாவது வழியைச் சோதித்த ஆலைகளில் ஒன்று இந்த வட்டாரத்திலேயே இருந்தது. தென்னமரம் ஆலையில் 1980களின் முற்பாதியில் கழிவுநீரை மூடிய தொட்டிகளில் புளிக்கவிட்டு, எழும் வாயுவைப் பிடித்துப் பயன்படுத்தும் திட்டம் நடந்தது. ஒரு டன் கழிவுநீரிலிருந்து 28 கனமீட்டர் அளவு வாயு கிடைக்கும், அதில் அறுபது சதவீதத்துக்கு மேல் மீத்தேன். ஆனாலும் மற்ற ஆலைகள் அதைப் பின்பற்ற ஓடிவரவில்லை. நாரும் ஓடும் எரித்தே ஆலைக்கு வேண்டிய நீராவியும் மின்சாரமும் கிடைத்துவிட்டபோது, வாயுவை வைத்து என்ன செய்வது? உள்ளே தேவையில்லை, வெளியே வாங்க ஆளில்லை. விலையில்லாத மிச்சம் மறுபடியும் காற்றில் விடப்பட்டது.

ரப்பர் ஆலைகளுக்கும் 1978இல் இதே மாதிரியில் விதிகள் வந்தன. அங்கே மாற்றம் வேறு விதமாக நேர்ந்தது. தோட்டத்துக்கு ஒன்றாக இருந்த சிறு பால் ஸ்டோர்கள் மூடப்பட்டு, பெரிய மைய ஆலைகளில் பால் பதப்படுத்தப்பட்டது. கெர்லிங் சுற்றுவட்டாரம் போன்ற பழைய ரப்பர்ப் பகுதிகளில் மரமே அருகி வந்ததால் கழிவும் அருகியது. அதைச் சுத்திகரிப்பின் சாதனை என்று சொல்வதற்கில்லை.

இத்தனை செலவையும் யார் சுமந்தார்கள்? உலகச் சந்தையில் சோயா எண்ணெயோடு போட்டி போடும் பொருளுக்கு மலேசிய ஆலை தன் விருப்பப்படி விலை ஏற்ற முடியாது. வாங்குபவர் தர மறுத்த தொகை, பழம் விற்பவருக்குக் கொடுக்கும் விலையில் கழிக்கப்பட்டது. சுத்திகரிப்புச் செலவின் பெரும்பகுதி இப்படிப் பழம் விளைவிப்போர் பக்கம் தள்ளப்பட்டதாகப் பொருளியல் ஆய்வுகள் முடிவு செய்தன. சொந்த ஆலை வைத்திருந்த பெரிய தோட்டத்துக்கு இது ஒரு பையிலிருந்து மறுபைக்கு மாற்றுவது. ஆலைக்குப் பழம் விற்ற சிறு உடைமையாளருக்கு அது நட்டம். கட்டணமாக வசூலான பணம் அரசுக் கருவூலத்துக்குப் போனது. இருபது ஆண்டுகள் கறுத்த ஓடையில் துணி துவைத்த லயத்துக்காரருக்கும் மீன் இழந்த கம்பத்துக்காரருக்கும் அதில் பங்கு வைக்கப்படவில்லை. ஆற்றுக்கு விலை குறித்த விதி, ஆற்றை நம்பி வாழ்ந்தவரின் இழப்புக்கு விலை குறிக்க மறந்தது.

விதி மறந்த இன்னொன்று காற்று. ஆழக் குளங்கள் ஆற்றைக் காப்பாற்றின, ஆனால் அழுக்கைத் தின்ற நுண்ணுயிர்கள் வெளியிட்ட மீத்தேன் இரவும் பகலும் குமிழ்விட்டு வானுக்கு ஏறியது. புவியைச் சூடாக்குவதில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல் இருபது மடங்குக்கு மேல் வலியது. கியோட்டோ உடன்படிக்கையை 2002இல் மலேசியா ஏற்ற பிறகு, வாயுவைப் பிடித்த ஆலை அதைக் கரிமச் சான்றாகப் பணக்கார நாடுகளுக்கு விற்க வழி பிறந்தது. குளங்களுக்குத் தார்ப்பாய் போன்ற உறை போர்த்தும் பணி அப்போது தொடங்கியது. 2012 வாக்கில் அந்தச் சான்றுகளின் விலை சரிந்து ஒன்றுமில்லாமல் போனது, சான்றை மட்டும் நம்பியிருந்த திட்டங்கள் முடங்கின.

அடுத்த ஊக்கம் உள்நாட்டிலிருந்து வந்தது. 2011ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்தின்படி, உயிரிவாயு மின்சாரத்தை நிர்ணயித்த விலைக்கு, நீண்டகால ஒப்பந்தத்தில் மின்வாரியம் வாங்க வேண்டும். தொடக்கத்தில் சிறிய நிலையங்களுக்கு அடிப்படை விலை யூனிட்டுக்கு 32 சென்னாக இருந்தது. அதற்கான நிதி மின்நுகர்வோரின் பில்லில் சேர்க்கப்பட்ட சிறு விழுக்காட்டிலிருந்து வந்தது. உலு சிலாங்கூர் மாவட்டத்தில் அதன் பயன் வேறொரு கழிவிலும் தெரிந்தது. பழைய தோட்ட வட்டாரமான புக்கிட் தாகாரில் 2005இல் திறந்த குப்பை நிலத்துக்குக் கோலாலம்பூரின் குப்பை நாள்தோறும் வந்து சேர்கிறது. அங்கே அழுகும் குப்பையின் வாயு மின்சாரமாகி விற்கப்படுகிறது. தலைநகரின் சமையலறை மிச்சம் வட சிலாங்கூரின் மேட்டில் விளக்கெரிக்கிறது என்பது நல்ல செய்திதான். குப்பையைப் பிரித்துப் போடும் வீட்டுக்காரருக்கு அதில் ஒரு சென்னும் இல்லை என்பதும் சேர்த்தே சொல்லப்பட வேண்டும்.

ஆலைகளின் கதை அவ்வளவு எளிதாக நகரவில்லை. செம்பனை ஆலை தோட்டத்தின் நடுவே இருக்கும், மின்கம்பி தொலைவில் இருக்கும். இணைப்புக் கம்பி இழுக்கும் செலவு ஆலையின் தலையில் விழுந்தது. மின்சாரம் வாங்கும் ஒதுக்கீட்டுக்கும் வரம்பு உண்டு. இதற்கு நேர்மாறாக, எந்தக் கட்டாயமும் இல்லாமலே செம்பனை ஓடு விலைபோயிற்று. உயிர்ப்பொருளை எரித்து ஆக்கும் மின்சாரத்துக்கு ஜப்பான் 2012இல் உயர்விலை அறிவித்ததும், உலையில் போட்டதுபோக மிஞ்சிய ஓடு எடைபோடப்பட்டு லாரியிலும் கப்பலிலும் ஏறத் தொடங்கியது.

2010இல் அறிவிக்கப்பட்ட பொருளாதார உருமாற்றத் திட்டம், 2020க்குள் எல்லாச் செம்பனை ஆலைகளிலும் வாயுவைப் பிடிக்கும் வசதி வர வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2014 ஜனவரியிலிருந்து மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம், புதிய ஆலைக்கும் உற்பத்தித் திறனைக் கூட்டும் ஆலைக்கும் அதைக் கட்டாயமாக்கியது. திறனைக் கூட்டாமல் ஓடும் பழைய ஆலைகளை அந்த விதி தொடவில்லை. 1978இன் ஆற்றுக் கட்டணத்தைப் போலப் படிப்படியாக இறங்கும் வரம்பும் மீறினால் பத்து மடங்கு விலையும் மீத்தேனுக்கு வைக்கப்படவில்லை. இலக்கு ஆண்டு வந்தபோது, நாட்டின் சுமார் 450 ஆலைகளில் வாயுவைப் பிடித்தவை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.